படத்தைப் போட்டது நான்தான்

ஐந்தாம் வகுப்புக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது நான் அதில் கெட்டிக்காரி என்பதால் அல்ல. பள்ளியில் இருந்த நான்கு ஆசிரியர்களின் பிள்ளைகளில் என் மகள் மட்டும்தான் கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் வந்தால் அவளிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்துவிட்டார்.

நெல்லையிலிருந்து பாபநாசம் போகிற பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் வரும் ஊர். ஆற்றுக்குப் போகிற பாதையில் எங்கள் தொடக்கப்பள்ளி. ஐந்து கணினிகளில் மூன்று ஓடும். இணையத்தில் எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்றும் ஒரு பாடம் உண்டு. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தி எழுந்து, "டீச்சர், எனக்கு எங்க வீட்டு ஆட்டுக்குட்டி பேரு" என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு அவரவர் பாஸ்வேர்டைக் கத்திச் சொன்னார்கள்.

சன்னலோரம் இருந்த சிறுமி மட்டும் வாய் திறக்கவில்லை.

"நீ என்னட்டி வச்சிருக்க?"

"அதச் சொல்லக்கூடாதுன்னு இப்பத்தான சொன்னிய."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாடத்தைப் புரிந்துகொண்ட ஒரே பிள்ளை என்று அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவள் அந்த வருட நடுவில் வந்து சேர்ந்தவள். கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து அவளும் அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். அம்மா பீடி சுற்றினாள். சேர்த்த அன்று, மகளை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "யாராவது வந்து கேட்டா, இவ இங்கன படிக்கான்னு சொல்லிராதிய டீச்சர்." ஏதோ சொந்தக்காரர்களுக்குள் மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. கையில் திருத்தவேண்டிய நோட்டுகள் இருந்தன. அந்தச் 'சரிம்மா' ஒரு வாரம்கூட என் நினைவில் நிற்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, அந்தப் பாடத்திலிருந்து ஆளுக்கோர் எச்சரிக்கையை அட்டையில் எழுதி வரப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவள் கொண்டுவந்ததுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. ஒரு பூட்டு படம் வரைந்து, கீழே முத்து முத்தாக எழுதியிருந்தாள்: 'உன் பெயர், ஊர், பள்ளி எதையும் தெரியாதவரிடம் சொல்லாதே.' படம் எடுக்க நிறுத்தினேன். அட்டையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று எண்ணி, "கொஞ்சம் கீழ எறக்குட்டி, மூஞ்சி தெரியட்டும்" என்றேன். இறக்கவில்லை. கிட்டப் போய் நானே அட்டையைக் கீழே இறக்கி, நாடியைத் தூக்கிவிட்டேன். பின்னால் சுவரில் பள்ளியின் பெயர். படத்தையும் அவள் பெயரையும் வகுப்பையும் சேர்த்துப் பள்ளியின் முகநூல் பக்கத்தில் போட்டேன். பெற்றோரும் பழைய மாணவர்களும் ஆளுக்காள் பகிர்ந்தார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். அந்த வாரம் முழுக்க இடைவேளைதோறும் போனை எடுத்து எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துணிக்கடைப் பை, மரியாதையான ஆள். போனை நீட்டி அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது போட்டது நீங்கதானா டீச்சர்?"

"ஆமா."

"நல்லாருப்பிய. நான் இவ அப்பா. ஏழு மாசமா தேடாத எடம் இல்ல."

எனக்கு மனம் இளகியது. நானே போய் அவளைக் கூப்பிட்டேன். "உங்க அப்பா வந்திருக்காவ." சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. எழுந்து கணினி அறைக்குள் ஓடி மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து தொட்டபோது பிடியை இன்னும் இறுக்கினாள். அப்போதுதான் அவள் அம்மா வாசலில் திரும்பி வந்து சொன்னது என் நினைவுக்கு வந்தது.

தலைமையாசிரியர் அந்த ஆளைப் பேச்சில் பிடித்து வைத்துக்கொண்டார். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் வெறுங்காலோடு ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் அவன் குரல் மாறிவிட்டது. வாசலில் நின்று அவன் பேசியதை எழுத எனக்குக் கை வராது. போலீசைக் கூப்பிட்டுவிட்டேன் என்று தலைமையாசிரியர் சொன்ன பிறகுதான் நகர்ந்தான். போகும்போது, "ஊரு தெரிஞ்சுபோச்சுல்லா, இனி எங்க போவ?" என்று சிரித்தான். துணிக்கடைப் பை எங்கள் வராந்தாவிலேயே கிடந்தது.

அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோள்வரை தோல் சுருங்கி வெந்திருந்தது. "இவளுக்கும் முதுகுல இருக்கு" என்றாள். அவளும் தலைமையாசிரியரும் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் இரண்டே நாளில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்துவிட்டாள். நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிய," என்றாள் அவள். "கோவம்லாம் இல்ல டீச்சர். ஆனா எங்கன போறோம்னு உங்கட்ட மட்டும் சொல்லமாட்டேன்."

சிறுமி என்னைப் பார்க்கவே இல்லை.

படத்தை எடுத்துவிட்டேன். பகிர்ந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நீக்கச் சொன்னேன். சிலர் நீக்கினார்கள், சிலர் எதற்கு என்று கேட்டார்கள். இரண்டு பேர் போனையே எடுக்கவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "வேணும்னேயா செஞ்சிய?" என்று தலைமையாசிரியர் தேற்றினார். என் மகள்தான், "அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

இன்றைக்கும் அதே பாடத்தை நடத்துகிறேன். படம் எடுப்பது பற்றிய பகுதி வரும்போது, நான் செய்ததைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். இன்னும் சொன்னபாடில்லை.

அவள் போன பிறகு வந்த ஜூன் மாதம் அலுவலகத்தில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. தலைமையாசிரியர் எடுத்து, "ஆமா, எங்க பிள்ளைதான்... சான்றிதழ்ல பிறந்த தேதியா? இருங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றார். பிறகு அவள் பெயரைச் சொன்னார். எங்கோ ஒரு பள்ளியில் அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்துகொண்டிருந்தாள். அவர் பேனாவைத் திறந்து, "எந்த ஊர்ப் பள்ளிக்கூடம்னு சொன்னிய?" என்று கேட்டார்.

பதிவேட்டை மூடிவிட்டு, அவர் அந்த ஊரின் பெயரைத் திருப்பிச் சொல்வதற்குள் நான் வெளியே போய்விட்டேன்.