கடுகண்ணாவை வரை வந்த துணை

போன கிழமை கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "அம்மா செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டார். உடனே அறிவிக்க முடியவில்லை" என்று கனகவல்லியின் மகள் எழுதியிருந்தாள். அதை வாசித்துக் காட்ட இந்த வீட்டில் எனக்கு யாருமில்லை.

துணிக்கடையில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்கு மனுவும் கடிதமும் எழுதிக் கொடுத்த கடையக்காவாக, இதை வாசிக்கும் உங்களில் பலர் அவளை அறிவீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் என்னுடன் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவள் அவள். கடைசிப் பரீட்சையில் என்னைவிட அதிகப் புள்ளி எடுத்தாள்.

கொழும்பில் சர்வகலாசாலைப் படிப்புக்கு இருவருக்கும் இடம் கிடைத்தது. நகரசபையில் கிளாக்கராக இருந்த என் அப்பா, "ஒத்தையா அனுப்ப மாட்டேன்" என்றார். கனகவல்லி வீட்டுக்கே வந்து, "நானும் போறேன் மாமா" என்றாள். அப்பா சம்மதித்தார். கண்டி நிலையத்தில் பெண்கள் பெட்டியில் எங்களை ஏற்றிவிட்டார்.

வழியில் கடுகண்ணாவை நிலையம் நெருங்கியபோது அவள் எழுந்தாள்.

"எறங்குறேன்டி. அத்தை வீட்டுக்கு."

"வெளையாடாத. உக்காரு."

"என் பொட்டியத் தூக்கிப் பாரு."

ஒரு விரலால் தூக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை.

"எங்க வீட்டுல அண்ணனுக்கு மட்டுந்தான் கொழும்பு. பொம்பளப் புள்ளைக்குப் படிச்சது போதுமாம். ஒங்க அப்பா தொணை கேட்டாரு, வந்தேன். நீயும் எறங்குனா ரெண்டு பேரும் வீட்டோடதான்."

ரயில் நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பில் பெண்களுக்கென்று ஒதுக்கிய முன் வாங்கில் நான் ஒருத்திதான். "சமைக்கிறதுக்குமா பட்டம்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். ஊர் திரும்பிவிடுகிறேன் என்று, அத்தை வீட்டிலேயே தங்கிவிட்ட அவளுக்கு எழுதினேன். பதில் வந்தது: "அவனுக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேளு. இந்தக் கிழமை என்ன நடத்துனாங்கன்னு எழுது. சுருக்காத."

ஒவ்வொரு ஞாயிறும் விரிவுரைகளை எழுதி அனுப்பினேன். அவள் சந்தேகம் கேட்பாளே என்ற பயத்திலேயே ஒழுங்காகப் படித்தேன். முதல் விடுமுறைக்கு நான் தனியே வந்திறங்கியபோதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. என் பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு, "ஒத்தையா போயி ஒத்தையா வந்துட்ட. இனி நான் என்ன சொல்றது?" என்றார்.

பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்ட பெற்றோருக்கெல்லாம், பிற்காலத்தில் ஆசிரியையானபோது, இந்தக் கதையைத்தான் உதாரணமாகச் சொன்னேன். ஒருமுறை அவளிடமே கேட்டேன்: "ஒனக்கு ஆசையில்லையாடி?"

"ஆசையில்லாமயா வாராவாரம் கடுதாசி கேட்டேன்?" என்றாள்.  

எதை வாசித்தாலும் இரண்டு பேருக்காக வாசிக்கும் பழக்கம் ஒன்றே அவளிடமிருந்து என்னிடம் எஞ்சியிருக்கிறது. இந்த ஞாயிறும் வாசித்ததை எழுதினேன். அனுப்ப இடமில்லை. விட மனமுமில்லை.