எடை மேடையில் ஒரு குதிரை

நான் முதுகலை இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது, இனிமேல் குதிரையில் ஏற வேண்டாம் என்று அப்பா சொன்னார். என் கால்கள் நீண்டுவிட்டன என்பது அவர் சொன்ன காரணம்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சாமந்தித் தோட்டம் இருக்கிறது. அதோடு அப்பா ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையும் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை அழைப்புகளுக்கு அதை அனுப்புவார். அது ஆடும் குதிரை அன்று. மேளச் சத்தத்துக்கு மிரளாமல் கூட்டத்துக்குள் மெல்ல நடக்கும், அவ்வளவுதான். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அதற்கு யாராவது நடை கொடுக்க வேண்டும். பள்ளி நாட்களிலிருந்து அந்த வேலை என்னுடையதாக இருந்தது. கல்லூரிப் பேருந்து வருவதற்கு முன், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் அதை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவேன். ஒரு நாளில் நான் யாரோடும் பேச வேண்டியிராத நேரம் அது ஒன்றுதான்.

குதிரைக்கு ஆள் பொருந்துகிறாரா என்று பார்க்க அப்பாவிடம் ஓர் அளவு இருந்தது. ஏறி உட்கார்ந்தவரின் பாதம் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கக் கூடாது. இந்த விதி ஓர் அவமானத்திலிருந்து பிறந்தது. சில ஆண்டுகளுக்கு முன், மிக உயரமான ஒரு மாப்பிள்ளையை எங்கள் குதிரை சுமந்து சென்றது. ஊர்வலத்தை வேடிக்கை பார்த்த யாரோ, "டேய், இந்தக் குதிரைக்கு ஆறு காலுடா" என்று கத்தியது வீடியோவிலும் தெளிவாகப் பதிவாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அப்பாவிடம் கோபித்துக்கொண்டார்கள். அதன் பிறகு, குதிரை கேட்டு வருகிறவர்களிடம் மாப்பிள்ளையை ஒருமுறை நேரில் அனுப்பச் சொல்வார். அவரை ஏற்றி உட்கார வைத்து, பக்கவாட்டில் குந்தி, பாதத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்ப்பார். திருமண வீட்டார் தங்கள் பங்குக்குக் குதிரையின் நிறத்தைக் கேட்பார்கள். நெற்றியில் சுழி எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். எடையைப் பற்றி இரு தரப்பிலும் பேச்சே வந்ததில்லை. மாப்பிள்ளையாகப் போகிறவரிடம் உங்கள் எடை என்ன என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை ஆகாது.

ஒரு நாள் காலை அப்பா ஏரிக்கரைக்கு வந்து, நான் திரும்பி வரும் வரை நின்றார். பிறகு, மாப்பிள்ளைகளைப் பார்ப்பது போலவே குந்தி உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"போதும் பாப்பா, எறங்கு. கால் தொங்குது. அதுக்கு நீ பெரிய ஆளாயிட்ட."

வீட்டில் அம்மாவுக்கு இது நல்ல செய்தி. "நானும் எத்தினி நாளா சொல்றேன். குதிர மேல ஏணியச் சாத்தி வெச்ச மாதிரி இருக்குது. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். என் உயரத்துக்கு ஏற்ற வரனை எங்கே தேடுவது என்ற அவருடைய தனிக் கவலையும் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது.

நான் மறுத்துப் பேசவில்லை. குதிரைக்கு நான் பாரமாக இருக்கிறேன் என்றால் ஏறக் கூடாது. அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பாதம் எங்கே தொங்குகிறது என்பது அந்தக் கேள்விக்கு விடையாகுமா என்று தெரியவில்லை. உயரமும் கனமும் இரண்டு வேறு செய்திகள். ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, மற்றது தெரிவதில்லை. தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவரிடம், அப்பாவும் அருகில் இருக்கும்போது, இதைக் கேட்டேன்.

"ஒசரம் பெரிய விஷயம் இல்லம்மா. கனந்தான் கணக்கு. ஆளும் சேணமும் சேந்து குதிரையோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. அதுக்கும் கொறஞ்சா இன்னும் நல்லது" என்றார்.

"அது சரிங்க டாக்டர், குதிரைய எந்தத் தராசுல நிக்க வெக்கறது? பூ நிறுக்கற தராசுலயா?" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது. நான் தொடர்ந்து குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்திச் சென்றேன். என்னோடு நடக்க அதற்குத் தடையில்லை. நான் ஏறாமல் கூடவே நடப்பதுதான் அதற்குப் புரியவில்லை. ஏரிக்குள் இறங்கியதும் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்கும்.

அந்த ஆவணியில், கம்பைநல்லூரில் இருக்கும் பெரியப்பா மகனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அண்ணன் குள்ளம், நல்ல பருமன், எதற்கும் சிரிக்கிறவர். சித்தப்பா வீட்டுக் குதிரையில்தான் வருவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்க வந்தார். அப்பா கல்யாணச் சேணத்தைப் பூட்டினார். மரச் சட்டத்தின் மேல் சிவப்பு வெல்வெட் தைத்து, ஓரம் முழுவதும் பித்தளை மணிகள் கோத்த சேணம் அது. அண்ணன் முக்காலி மேல் நின்று ஏறினார். அப்பா குந்திப் பார்த்தார். பாதம் வயிற்றுக்கு நன்றாக மேலே இருந்தது.

"கச்சிதம்! உனக்குன்னே செஞ்ச குதிர" என்றார் அப்பா.

நான் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் உட்கார்ந்தவுடன் அதன் முதுகு கொஞ்சம் இறங்கியது. பின்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டது. நடக்கச் சொன்னபோது உடனே நடக்கவில்லை. காதுகளைப் பின்னால் மடக்கி, வாலைச் சுழற்றியது. நான் ஏறிய நாட்களில் இவற்றில் எதையும் நான் கண்டதில்லை. ஆனால் மேலே உட்கார்ந்துகொண்டு அதன் முதுகை நானே பார்க்க முடியாது என்பதும் உண்மைதான்.

"அப்பா, அதுக்குக் கனமா இருக்குது" என்றேன்.

"கால் சரியா இருக்குதில்ல?"

"கால் இல்லப்பா. முதுகப் பாருங்க."

"கல்யாண வூட்டுப் பேச்சுல அபசகுனமாப் பேசாத."

வழக்கமாக அந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்வேன். அன்று நிறுத்தவில்லை. "லாரி எடை போடற எடத்துல குதிரைய நிக்க வெக்கலாம்" என்றேன். "அதியமான்கோட்டை போற வழியில இருக்குது. நடந்தே போயிடலாம்."

அப்பா பதில் சொல்வதற்குள் குதிரை மேலிருந்து அண்ணன் சொன்னார்: "போலாம் சித்தப்பா! குதிரைய லாரியா நெனச்சு எட போடறத நானும் பாத்ததில்ல." அவர் இறங்கியதும், சேணத்தைக் கழற்றாமலே குதிரையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம்.

எடை மேடை சர்வீஸ் சாலை ஓரத்தில் இருக்கிறது. கண்ணாடி அறைக்குள் ஒருவர், வெளியே ஓர் ஒலிபெருக்கி, எதிரில் லாரிக்காரர்கள் நிற்கும் டீக்கடை. இரும்புத் தகட்டின் மேல் முதல் குளம்பு பட்டதும் எழுந்த வெற்றுச் சத்தத்தைக் கேட்டு குதிரை பின்வாங்கியது. கையில் சோளத்தட்டை வைத்துக்கொண்டு, நான் தகட்டின் நடுவே போய் நின்று கூப்பிட்டேன். மெல்ல வந்தது. நான் கயிற்றை நீளமாக விட்டு வெளியே வந்தேன்.

"வண்டி நம்பர் சொல்லுங்க" என்றது ஒலிபெருக்கி.

"குதிரைக்கு ஏதுங்க நம்பரு?" என்றார் அப்பா.

"நம்பர் அடிக்காம மிஷின் நவுராதுங்களே."

"என் பைக் நம்பரப் போட்டுக்கங்கண்ணே. ரெண்டயும் நான்தான ஓட்டப் போறேன்" என்று அண்ணன் எண்ணைச் சொன்னார்.

சேணத்தோடு முந்நூற்றுப் பத்து கிலோ. சேணத்தைக் கழற்றி அப்பா மேடைக்கு வெளியே கீழே வைத்தார். இருநூற்றுத் தொண்ணூறு. பிறகு அண்ணன் குதிரையின் பக்கத்தில் போய் நின்றார். ஒலிபெருக்கி இரக்கமே இல்லாமல் அறிவித்தது: "முந்நூத்தித் தொண்ணூறு! மாப்ள நூறுங்க!"

டீக்கடையில் கைதட்டினார்கள். "லோடு கரெக்டுப்பா, வண்டிதான் சின்னது!" என்று ஒருவர் கத்தினார். அண்ணன் இரு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். சிரித்தார். ஆனால் அவர் காதுகள் சிவந்திருந்தன.

கணக்கு எளியது. இருநூற்றுத் தொண்ணூறில் ஐந்தில் ஒரு பங்கு ஐம்பத்தெட்டு. ஆளும் சேணமும் நூற்றிருபது. "ரெண்டு மடங்குக்கு மேலப்பா" என்றேன், தாழ்ந்த குரலில்.

அப்பா அண்ணனைப் பார்க்கவில்லை, கீழே கிடந்த சேணத்தைப் பார்த்தார். "இது மட்டும் இருவதா?" என்றார். அதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை, நான் உட்பட. மணிகள் ஒவ்வொரு பருவத்திலும் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. ஊர்வலத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வெல்வெட்டுக்குக் கீழே பஞ்சும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சேணம் போக மீதி முப்பத்தெட்டு. வளர்ந்த ஆண் ஒருவர் அதற்குள் அடங்க மாட்டார். இதை நான் சொல்லவில்லை. அப்பாவே விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் குதிரையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் குதிரையின் தோல் சிலிர்த்தது. கையை எடுத்துவிட்டார்.

அண்ணன்தான் பேசினார். "சித்தப்பா, ஒண்ணு சொல்லட்டுங்களா? நான் மேல ஒக்காந்தப்பவே அது எறங்கறது தெரிஞ்சுது. சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு. நான் நடந்தே வந்துடறேன். அதக் கூடவே புடிச்சிட்டு வந்தாப் போதும்."

"உங்கம்மா ஒத்துக்குவாங்களாடா?"

"அம்மாவ நான் பாத்துக்கறேன். நீங்க பாப்பாவப் பாருங்க. அது இன்னும் எட போடல."

நான் கேட்காமலிருந்ததை அவர் கேட்டுவிட்டார். அப்பா தலையை அசைத்தார். நான் குதிரையின் பக்கத்தில் போய் நின்றேன். எண் முந்நூற்று நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே மாறி மாறி நின்றது. "பத்துப் பத்தாத்தான் காட்டுங்க. இது லாரிக்குச் செஞ்சது" என்றார் கண்ணாடி அறைக்காரர், இந்தமுறை ஒலிபெருக்கி இல்லாமல்.

வீட்டுக்கு வந்து, பூ நிறுக்கும் தராசின் தட்டில் ஏறி நின்றேன். ஐம்பத்தைந்து. நான் ஏறும்போது சேணத்துக்குப் பதிலாக மடித்துப் போடும் ஜமக்காளத்தைச் சேர்த்தால் ஐம்பத்தேழு. எல்லை ஐம்பத்தெட்டு. ஆனால் பத்துப் பத்தாகக் காட்டும் மேடையில் இருநூற்றுத் தொண்ணூறு என்பது இருநூற்று எண்பத்தைந்தாகவும் இருக்கலாம். அப்படியானால் எல்லையே ஐம்பத்தேழுதான். மருத்துவரோ, அதற்கும் குறைந்தால் நல்லது என்றிருந்தார். எனவே நான் ஏறலாம் என்று அந்த எண்கள் நிரூபித்தன என எழுதினால் அது பொய். ஏறக் கூடாது என்றும் அவை நிரூபிக்கவில்லை. இதை அப்பாவிடம் இப்படியே சொன்னேன். "கல்யாணம் முடியட்டும்" என்றார்.

கல்யாணத்தில் அண்ணன் வேட்டி சட்டையோடு முன்னால் நடந்தார். மாலை போட்ட குதிரையை அவர் பக்கத்தில் அப்பா பிடித்து வந்தார். சேணம் இல்லை. வெறும் முதுகோடு வரக் கூடாது என்று பெரியம்மா கடைசி நேரத்தில் ஒரு பட்டுத் துண்டை விரித்து விட்டிருந்தார். அவருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பெண் வீட்டார் தயாராக நின்றார்கள்.

"மாப்ள, கல்யாணம் உங்களுக்கா, குதிரைக்கா?" என்று பெண்ணின் அத்தை கேட்டார்.

"குதிரைதாங்க மாப்ள. நான் தொணைக்கு வந்தேன்" என்றார் அண்ணன்.

"ஏன், ஏறத் தெரியாதா?"

"ஏறத் தெரியுமுங்க. அது எறங்கிடுமோன்னுதான் பயம்."

பெண்கள் சிரித்துச் சிரித்து ஆரத்தித் தட்டைச் சாய்த்துவிடப் பார்த்தார்கள். அந்த ஊர்வலத்தில் குதிரை காதுகளை மடக்கவில்லை. தன் மாலையிலிருந்து எட்டியவரை பூவைத் தின்றுகொண்டே வந்தது.

அதற்குப் பிறகு அப்பா கல்யாணச் சேணத்தை எடுக்கவில்லை. மரச்சட்டம் இல்லாத, தோலால் ஆன இலேசான சேணம் ஒன்றைத் தேடி வாங்கினார். குதிரை கேட்டு அழைப்பவர்களிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க, மாப்ள எத்தன கிலோங்க இருப்பாரு?" என்று கேட்கிறார். பலர் சாரட் வண்டி வைத்துக்கொள்கிறோம் என்று போனை வைத்துவிடுகிறார்கள். ஒல்லியான மாப்பிள்ளைகளை மண்டப வாசலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஏற்றுகிறார்.

என் விஷயத்தை நான் மறுபடி எழுப்பவில்லை. அந்தப் புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு காலை, குதிரையை அவிழ்க்கப் போனபோது அதன் முதுகில் ஜமக்காளம் மடித்துக் கட்டப்பட்டிருந்தது. அப்பா ஏரி வரை கூடவே வந்தார். நான் ஏறினேன். என் பாதங்கள் வயிற்றுக்குக் கீழே நன்றாகவே தொங்கின. அவர் பக்கவாட்டில் குந்தவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டு, "நடக்க வுடு" என்றார். சிறிது தூரம் போய்த் திரும்பினேன். அவர் பார்வை குதிரையின் முதுகிலும் பின்னங்கால்களிலும் இருந்தது. இன்னொருமுறை போய்வரச் சொன்னார். திரும்பி வந்ததும் ஜமக்காளத்துக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"காது எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"முன்னாடிதான் இருந்துச்சுப்பா."

"தினமும் வேணாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறு. கரை ஏத்தத்துல எறங்கி நடந்துடு. கனம் ஏறுச்சுன்னா நீயே சொல்லிடணும்."

சரி என்றேன். அவர் தோட்டத்துக்குத் திரும்பிப் போனார். நான் ஒரு சுற்று முடித்து, கரை ஏற்றம் தொடங்கும் இடத்தில் இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு மேலே நடந்தேன்.