தணிகா அண்ணனின் இரண்டாவது போன்

அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் படத்தொகுப்பாளர் அழைத்து, "தணிகா அண்ணன் போயிட்டாருப்பா, நெஞ்சு வலியாம்" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. அவருடைய இரண்டாவது போன் இப்போது யாரிடம் இருக்கிறது என்றுதான் மனம் பதறியது. அவரோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நடிகர் தணிகாசலத்தை வில்லனுக்குப் பின்னால் நிற்கும் அடியாளாகத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். "ஒத வாங்கி வாங்கி ஒடம்பு மரத்துப்போச்சு, இனிமே நான் ஆக்‌ஷன் சொல்றேன்" என்று சிரித்தபடியே இயக்குநரானவர். அவர் எடுத்த ஒரே படம் 'இரண்டாவது ஷிப்ட்'. நான் அதில் இணை இயக்குநர். பல வருடங்களுக்கு முன்னால், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியிலிருந்து வேலை முடித்துக் கிளம்பிய பெண், கரையான்சாவடியில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. அந்த உண்மைச் சம்பவம்தான் படம். கதையைத் தந்தவர் அவளுடைய அண்ணன், லேத் பட்டறைத் தொழிலாளி. அவர் பெயரைக் குமார் என்று மாற்றி எழுதுகிறேன். "படத்தைப் பாத்துட்டு யாராச்சும் எதனா சொல்லுவாங்கண்ணே. அவ எங்க கீறான்னு தெரிஞ்சா போதும்" என்றார். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

படப்பிடிப்பில் எல்லா வேடத்தையும் அண்ணனே முதலில் நடித்துக் காட்டுவார். கதாநாயகி பயப்பட வேண்டிய காட்சியில் அந்தப் பெண் வீறிட்டுக் கத்தினாள். "கத்தாதம்மா. பயந்தவ நல்லாத்தான் கீறேன்னு காட்டிக்கப் பாப்பா. அதைப் பண்ணு" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே நடந்து காட்டினார். மீசை வைத்த அந்த ஆள் நடந்ததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

'காணவில்லை' சுவரொட்டி ஒட்டும் காட்சி ஒன்று இருந்தது. குமாரின் வீட்டார் அந்தக் காலத்தில் அச்சடித்த வாசகத்தையே எடுத்துக்கொண்டு, பெயரையும் படத்தையும் போன் எண்ணையும் மட்டும் மாற்றினோம். கம்பெனி சுடிதார், பச்சைத் துப்பட்டா என்று அப்படியே போட்டோம். சினிமாவில் இப்படி ஒரு எண் காட்ட வேண்டியிருந்தால் வேறு யாருக்கும் தொந்தரவு போகாதபடி எங்கள் எண்ணையே போடுவது வழக்கம். அண்ணன் அதற்கென்று இரண்டாவதாக ஒரு போன் வாங்கினார். மறுநாளும் அதே இடத்தில் எடுக்க வேண்டும் என்று சுவரொட்டிகளைக் கிழிக்காமல் வந்தோம். மறுநாள் மழை. அப்புறம் வேறு இடத்துக்குப் போய்விட்டோம். சினிமாக்காரர்களுக்கு ஓர் இடத்தில் வேலை முடிந்தால் அந்த இடமே மறந்துபோகும்.

ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில் அந்தப் போன் அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். குமாரும் எங்களோடு இலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா, மறுபடியும் தேட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றது ஓர் ஆண் குரல்.

அண்ணன் கண் இமைக்கும் நேரத்தில், "ஆமாங்க, நான் அவ அண்ணன் பேசறேன்" என்றார்.

"பச்சைன்னு தப்பா போட்டுகீறீங்க. துப்பட்டா நீலம்."

போன் துண்டிக்கப்பட்டது. குமார் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "அம்மா பச்சைன்னுதான் சொல்லிச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கையோடு வேலை பார்த்து, அந்த வாரமே கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட தோழியைத் தேடிப் பிடித்தோம். கிளம்பும்போது துப்பட்டாவில் மெஷின் எண்ணெய் கொட்டிவிட்டது என்று அவள்தான் தன்னுடையதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அது நீலம்.

போலீசில் சொன்னோம். சிம் யாரோ ஒரு முதியவர் பெயரில் இருந்தது, பாவம், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சில வாரங்கள் கழித்து வேறு எண்ணிலிருந்து அதே குரல் வந்தது. "நீ கொமாரு இல்ல. கொமாரு கொரலு எனக்குத் தெரியும்." சுவரொட்டியில் குமாரின் பெயரே கிடையாது. அன்றிலிருந்து படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தை அண்ணன் கேமராவை விட அதிகம் பார்த்தார். குமாரோ பக்கத்து வீட்டுக்காரரோடு டீ குடிப்பதைக்கூட விட்டுவிட்டார்.

கொலைகாரன் மாட்டுவதுபோல் முடிவு வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டார். அண்ணன் மசியவில்லை. "படத்துல புடிச்சிட்டா அவன் நிம்மதியா தூங்குவான் சார். தூங்கக் கூடாது" என்றார். படம் சுமாராகத்தான் ஓடியது. அதன்பிறகு குமாரைப் பக்கத்தில் உட்கார வைத்து, செய்தித்தாளைப் படிக்கச் சொல்லி, அவர் குரலிலேயே பேசப் பழகினார். இனி போன் வந்தால் நானே பேசுகிறேன் என்று குமார் சொன்னபோதும் விடவில்லை. "அவனுக்கு உன்னைத் தெரியுது. நீ அவனாண்ட மாட்டிக்காத, நான் பேசிக்கிறேன்" என்றார். குளிக்கப் போனாலும் போனைக் கொண்டுபோவார் என்று அண்ணி சொல்வார். அதன்பிறகு அது அடிக்கவே இல்லை. எப்போது அடிக்குமோ என்ற பயம்தான் அவர் நெஞ்சைத் தின்றது என்று நான் நம்புகிறேன்.

காரியம் முடிந்ததும் அண்ணி அந்தப் போனை என் கையில் கொடுத்து, "வீட்டுல வெச்சுக்க பயமா இருக்குப்பா" என்றார். அண்ணன் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். அன்று மாலை என் வீட்டில் நானும் குமாரும் உட்கார்ந்திருந்தபோது அது அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"டைரக்டரு போயிட்டாராமே" என்றது குரல்.

குமார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "நான் கொமாரு பேசறேன். அவ எங்க கீறா, அத மட்டும் சொல்லு."



"இப்பதான் கொமாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

குமார் அழவில்லை. எழுந்துபோய் சார்ஜரைத் தேடி எடுத்து, போனைச் சொருகிவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.