டீ மணியை அன்-இன்ஸ்டால் செய்தவன்

இன்று காலை ஒரே ஒரு என்டர் தட்டினேன். மொத்த லைனுக்கும் டீ நின்றுபோனது!

(சிரிக்காதீர்கள். டீ இல்லாத ஷிஃப்டை ஒருநாள் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.)

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஐ.டி. ஆள். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும் நான்தான், சர்வர் படுத்தால் எழுப்புவதும் நான்தான்.

இன்று கஸ்டமர் ஆடிட், எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனிக்காரர் வந்து லைனைச் சோதிக்கும் நாள். புரொடக்‌ஷன் மேனேஜர் சேகர் சார் காலையிலேயே பிடித்துக்கொண்டார்.

"பிரபு, லைன் பக்கத்துல இருக்கிற லினக்ஸ் பிசில எவனோ பாட்டு பிளேயர் போட்டு வெச்சிருக்கான்பா. ஆடிட்டர் கண்ல பட்டா மானம் போயிடும். மொதல்ல தூக்கு!"

தூக்கலாம். ஆனால் நான் பொறுப்பான பிள்ளை! லினக்ஸில் ஒரு மென்பொருளை எடுப்பதற்கு முன், அதை நம்பி வேறு எது ஓடுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டேன்.

apt-cache rdepends --installed mpg123

பதிலில் mpg123 என்று அந்த பிளேயரின் பெயர் வந்தது. கீழே ஒன்றுமில்லை. அதாவது, அதை நம்பி யாருமே இல்லை. பாவம், அநாதை!

எடுத்துவிட்டேன். ஆடிட் நாளாயிற்றே என்று, இன்ஸ்டால் செய்தபோது இறக்கிவைத்த ஃபைல்களையும் சேர்த்துத் துடைத்தேன். (இந்த அதிகப்பிரசங்கித்தனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மணி பத்து ஆனது.

டீ பெல் அடிக்கவில்லை.

ரயில்வே ஸ்டேஷனில் வருமே, 'டிங் டாங் டிங்', அதுதான் எங்கள் பெல். அது கேட்டால்தான் லைன் லீடர் கன்வேயரை நிறுத்துவார். எங்கள் லைன் லீடர் கோமதி அக்கா, வல்லக்கோட்டைக்காரர், ஷெட்டின் நடுவிலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காலையில் கம்பெனி பஸ்ஸில் அக்கா சொன்னது இது:

"எம்பொண்ணு பவித்ராவுக்கு இன்னிக்கு சுங்குவார்சத்திரத்துல இன்டர்வியூப்பா. பத்தே காலுக்குள்ள உள்ள போவணும். எங்கொரலு கேட்டாதான் போவேன்னு சொல்லிக்கினு கீது. ஸ்கூல் பரீச்சைலேந்தே அப்டிதான். டீ பெல் அடிச்சதும் போன் பண்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

போன் லாக்கரில். லாக்கர் ஷெட்டுக்கு வெளியே. பெல் அடிக்காமல் லைனை விட்டு யாரும் நகர முடியாது!

ஓடினேன். "அக்கா, நிறுத்திட்டுப் போங்கக்கா!"

"இன்னாபா வெளையாடுறியா? ஆடிட்டர் அங்கியே நிக்கறாரு. பெல்லு இல்லாம லைன நிறுத்தனா எனக்கு மெமோ குடுத்துடுவாங்க."

"பவித்ரா?"

"அது ஒரு லூசுப்பா. நெஜமாவே அந்த கம்பெனி கேட்டுக்கு வெளியவே நின்னுக்கினு இருக்கும்." அக்காவின் கை பாகத்தை மாட்டிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் கடிகாரத்தில்.

திரும்ப பிசிக்கு ஓடினேன். அதில் இருந்த எல்லா ஃபைலுக்குள்ளும் 'mpg123' என்ற பெயரைத் தேடச் சொன்னேன். ஒரு மூலையில் சிக்கியது, வேலையை விட்டுப்போன யாரோ கையால் எழுதி வைத்த ஒரே ஒரு வரி ஸ்கிரிப்ட். டீ நேரம் வந்ததும் அந்தப் பாட்டு பிளேயரை எழுப்பி பெல் சத்தத்தைப் போடு. அவ்வளவுதான்!

அடப்பாவி மனுஷா! எது எதை நம்பி ஓடுகிறது என்ற குறிப்போடு முறைப்படி பேக்கேஜாகச் செய்திருந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கும். இப்படிச் சும்மா எழுதிப் போட்டால் அதற்கு எப்படித் தெரியும்? நான் கேட்டதற்கு அது உண்மையைத்தான் சொன்னது. அதற்குத் தெரிந்தவரை!

திரும்பப் போடலாம் என்றால் அந்த பிசிக்கு இன்டர்நெட் கிடையாது. உள்ளே இருந்த ஃபைலையும் நான் துடைத்தாயிற்று. (ஞாபகம் இருக்கிறதா?) ஆபீஸ் பில்டிங்குக்குப் போய் எடுத்து வருவதற்குள் பத்தே கால் தாண்டிவிடும்.

பிசி பக்கத்தில் அனவுன்ஸ்மென்ட் மைக் இருந்தது. லாரி டிரைவர்களைக் கூப்பிடுகிற மைக்.

ஆன் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"டிங்ங்ங்... டாங்ங்ங்... டிங்ங்ங்!"

மூன்றாவது 'டிங்' கீச்சென்று உடைந்துவிட்டது.

ஷெட்டே ஒரு நொடி உறைந்தது. அடுத்த நொடி கன்வேயர் நின்றது. கோமதி அக்கா தலையில் இருந்த தொப்பியோடு லாக்கரைப் பார்த்துப் பறந்தார். பின்னாலேயே மொத்த லைனும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு கிளம்பியது!

ஆடிட்டர் சேகர் சாரைத் திரும்பிப் பார்த்தார். "வாட் வாஸ் தட்?"

சேகர் சார் கண்கூட சிமிட்டவில்லை. "மேனுவல் பேக்கப் சார்."

(தெய்வமே!)

நான் லாக்கர் பக்கம் ஓடினேன். இவ்வளவு பாடுபட்டு ஒரு அம்மா பேசப்போகிறார், என்ன வாழ்த்து சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏய்... சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் ஏதோ பதில்.

"சரி, போ."

வைத்துவிட்டார்!

"அவ்ளோதானாக்கா?"

"வேற இன்னா சொல்லணும்?" என்று சிரித்தார். போனைத் திரும்ப லாக்கரில் வைத்துப் பூட்டினார். டீ வாங்கப் போகிறேன் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

மதியம் பிளேயரை பென்டிரைவில் கொண்டுவந்து திரும்பப் போட்டேன். இனி அது பாட்டு பிளேயர் இல்லை, டீ பெல் என்று சேகர் சாரிடம் பர்மிஷனும் வாங்கினேன். கூடவே அந்த ஒற்றை வரி ஸ்கிரிப்டை ஒரு சின்ன பேக்கேஜாகக் கட்டி, tea-bell என்று பெயர் வைத்து, இதற்கு அந்த பிளேயர் வேண்டும் என்று உள்ளே எழுதினேன். காலையில் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். காலியாக இருந்த இடத்தில் இப்போது tea-bell என்று வந்தது.

பேக்கேஜில் விளக்கம் எழுத ஓர் இடம் உண்டு. எனக்குப் பின்னால் வரும் ஐ.டி. ஆளுக்காக அதில் எழுதி வைத்தேன்: 'இதை எடுக்காதே. வெளியே ஒரு பெண் அம்மா குரலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள்.'

சாயங்காலம் பஸ்ஸில் கோமதி அக்கா முகமெல்லாம் பல்.

"பாஸாயிட்டா பிரபு! வியாழக்கெழம ரெண்டாவது ரவுண்டாம், மூணு மணி டீ நேரத்துக்கு. பெல்லு அடிச்சிடும்ல?"

"கண்டிப்பா அடிக்கும்க்கா. இப்ப எல்லாம் சரி பண்ணிட்டேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கும் நீயும் ரெடியா இரு."

நண்பர்களே, மூன்றாவது 'டிங்'கில் குரல் உடையாமல் இருக்க என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள்!