என் விரலுக்குக் கட்டுப்பட்ட போன்

ஆதனக்கோட்டையில், தஞ்சாவூர் சாலையோரம் முந்திரி வறுத்து விற்கும் பெண்களில் நானும் ஒருத்தி. கொட்டையை வாணலியில் போட்டு வறுத்தால் ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும். மணலில் கொட்டி அணைத்து, கட்டையால் தட்டிப் பருப்பை எடுப்போம். அந்த எண்ணெய் பட்டுப் பட்டு எங்கள் விரல் நுனிகள் கறுத்துத் தடித்துவிட்டன. ரேஷன் கடை இயந்திரத்தில் எங்கள் ரேகை விழாது. கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறோம்.

மற்றவர்கள் போகிற காரையெல்லாம் கூப்பிடுவார்கள். “அண்ணே, இப்பத்தான் வறுத்தது, வாங்கிட்டுப் போங்க!” எனக்கு அது வரவே வராது. கார் தானாக நின்றால் எடை போட்டுக் கொடுப்பேன். என்னைவிட மூத்தவரான பக்கத்துக் கடை மதினி கேட்பார்: “ஏத்தா, வாய்க்குள்ள முந்திரியப் போட்டு அடைச்சு வச்சிருக்கியா?”

அதனால்தான், ஊர்ப் பண்டங்களைச் செயலி மூலம் விற்றுத் தரும் ஒரு கம்பெனி என் கடையையும் சேர்த்துக்கொண்டபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஆர்டர் வந்தால் போனில் மணி அடிக்கும். திரையில் பச்சைப் பட்டை வரும். ஐந்து நிமிடத்துக்குள் அதை விரலால் வலப்பக்கம் இழுத்தால் ஆர்டர் நமக்கு. சாயங்காலம் வேன் வந்து எடுத்துப் போகும். மூன்று முறை தவறவிட்டால் கடையை நீக்கிவிடுவார்கள்.

முதல் மணி அடித்தது. இழுத்தேன். பட்டை அசையவில்லை. கையைக் கழுவிவிட்டு இழுத்தேன், முந்தானையில் துடைத்துவிட்டு இழுத்தேன். என் விரலை அந்தக் கண்ணாடி விரலாகவே மதிக்கவில்லை. ஐந்து நிமிடம் போய்விட்டது. மறுநாள் மதினியிடம் போனைக் கொடுத்தேன். அவர் அடுத்த கடைக்காரியிடம் கொடுத்தார். ஐந்து கடைக்கும் போய்த் திரும்பி வந்தது போன். எல்லாருக்கும் அதே தடித்த விரல்தானே! இரண்டாவது ஆர்டரும் போனது.

“மூக்கால தேயி,” என்றார் மதினி. விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் மூக்குக்குப் பட்டை நகர்ந்தது! நான்கு நாள் மூக்கால்தான் வியாபாரம் செய்தேன். ஐந்தாம் நாள் நிமிர்ந்து பார்த்தால், நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். ஒருவர் செல்போனில் என்னைப் படமும் எடுத்துக்கொண்டிருந்தார். அதோடு மூக்கை விட்டேன். ரப்பர் முனை வைத்த பேனா ஒன்று வாங்கினேன். வாணலிச் சூட்டில் இரண்டே நாளில் அது இளகிப்போனது.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். “ரெண்டு மிஸ் ஆயிருச்சுங்கம்மா. இன்னொண்ணு போனா கடை தானா வெளிய போயிரும். தீபாவளி வருது, பாத்துக்கங்க.”

திருப்பூரில் கட்டிக்கொடுத்த என் மகளிடம் புலம்பினேன். அவள் டிப்ளமோ படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் துணி மூடிக் கிடந்தது. “அதுக்குள்ளயே ஒரு போன ஓட வைக்கலாம்மா. எமுலேட்டர்னு பேரு. நான் லீவுக்கு வந்து போட்டுத் தாரேன்,” என்றாள். லீவுக்கு மூன்று வாரம் இருந்தது. பத்தாவது படித்தவள்தானே, நானே போட்டுப் பார்ப்போம் என்று கடையைச் சாத்தி, செயலியிலும் ‘கடை மூடல்’ பொத்தானை யாரும் பார்க்காமல் மூக்கால் அழுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

மவுஸைத் தொட்டதும் அம்பு நகர்ந்தது. எவ்வளவு தடித்த விரலானாலும் அதற்குக் கவலையில்லை. அந்த மென்பொருளை இறக்கவே அரை நாள் ஆனது. திறந்தால், ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓடவிடும் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வசதி அணைந்திருக்கிறது என்று நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே எஃப்2 விசையைத் தட்டி உள்ளே போய் அதை மாற்ற வேண்டுமாம். தமிழில் ஒருவர் வீடியோவில் சொன்னார். அவர் திரை வேறு, என் திரை வேறு. அந்த ஆங்கில வார்த்தையைத் தாளில் எழுதிவைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத் தேடினேன். இரண்டு தடவை வேறெதையோ மாற்றி, திருப்பி வைத்து, மூன்றாவது தடவை கண்டுபிடித்தேன்.

கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு போன் எழுந்து நின்றது. தனியாக இருந்த வீட்டில் கை தட்டினேன்.

செயலியைத் திறந்தால், ‘உங்கள் பகுதியில் சேவை இல்லை’ என்றது. அந்தப் போன் தான் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது! வரைபடத்தில் புதுக்கோட்டையைப் பிடித்து, தஞ்சாவூர் பஸ்ஸில் போவதுபோலவே மவுஸை நகர்த்தி, பெருங்களூரைத் தாண்டி என் வீட்டருகே கொண்டுவந்து நிறுத்தினேன். உள்ளே நுழைவதற்கான ஓடிபி எண் என் பழைய போனுக்கு வந்தது. கடை திறந்தது.

இழுப்பதற்குப் பதிலாக ஒரு விசையை அமைத்துக்கொள்ளலாம் என்பதையும் நானே கண்டேன். ஸ்பேஸ் பாரை வைத்தேன். மணி அடித்தால் ஒரு தட்டு, பட்டை ஓடிவிடும். வீட்டுக்கும் கடைக்கும் இருபது அடிதான். ஜன்னலில் ஸ்பீக்கரை வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஒன்றுகூடத் தவறவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், கொட்டை வாங்கப் போகவேண்டியிருந்தது. மதினியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். “மணி அடிச்சா இந்த நீள விசையத் தட்டுங்க மதினி.”

பத்தரை மணிக்குத் திரும்பினேன். மதினி முகமெல்லாம் சிரிப்பு. “வந்தவுக ஒருத்தரையும் திருப்பி அனுப்பலத்தா!”

திரையில் முப்பது கிலோவுக்கு ஆர்டர் நின்றது. என்னிடம் எட்டு கிலோ பருப்பு. சரக்கு தீர்ந்தால் ‘கடை மூடல்’ பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. எங்கள் சாலையில் சரக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுவோம். மதினி அந்த வழக்கப்படிதான் தட்டியிருக்கிறார். ஆர்டரை ரத்து செய்தால் அதுவும் தவறவிட்டதாகத்தான் கணக்கு. வேன் நான்கு மணிக்கு வரும்.

விஷயத்தைச் சொன்னதும் மதினியின் முகம் சுருங்கியது. “ஆத்தி, ஒன் கடையக் கெடுத்துட்டனே…”

நான் சாலைக்கு இறங்கினேன். ஒரு லாரி இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. அதற்கும் மேலாகக் கத்தினேன். “எனக்கு இருபத்திரண்டு கிலோ வேணும்! நாலு மணிக்குள்ள! இருக்குறத எடுங்க, மிச்சத்த வறுங்க!”

கடைசிக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். “யாரு இது? அந்தக்காவா பேசுறது?”

“அதேதான்டி. கொட்டையப் போடு வாணலில!”

ஆறு அடுப்பும் எரிந்தன. மதினி அன்று உடைத்த வேகத்துக்குக் கட்டையே இரண்டாகப் பிளந்தது. மூன்றே முக்காலுக்குக் கடைசிப் பொட்டலத்தை ஒட்டினோம். வேன் ஓட்டுநர் எண்ணிப் பார்த்துவிட்டு, “இம்புட்டும் ஒரு கடையாங்க?” என்றார்.

“ஆமாங்க,” என்றேன். பின்னால் ஐந்து பேர் இருமிச் சிரித்தார்கள்.

அன்று மாலை செயலியில் செய்தி வந்தது. என் கடை நீடிக்கும். இந்த வாரம் வாங்குகிறவர்களுக்கு முதல் வரிசையிலும் தெரியும். மதினிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் திரைக்குள் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏத்தா, இந்தப் பொட்டிக்குள்ள இன்னொரு போன் புடிக்குமா? எனக்கு?”

பிடித்தது. அதே மென்பொருளில் இரண்டாவது போன் ஒன்றை உண்டாக்கி, மதினியின் கடையைச் சேர்த்தேன். எனக்கு ஸ்பேஸ் பார், அவருக்கு என்டர் விசை. மூன்றாவது போனைத் திறந்தால்தான் கம்ப்யூட்டர் திணறுகிறது. அதற்குப் பெரிய மெமரி போட வேண்டுமாம். எந்த மெமரி, எந்த இடத்தில் சொருகுவது என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பெட்டியின் மூடியைக் கழற்றியும் ஆயிற்று.