குளவி வேஷத்தில் ஓர் ஈ

போன வருஷம் என் வீட்டுக்காரரைக் குளவி கொட்டியது. மாடியில் துணி எடுக்கப் போன மனுஷன், முகம் வீங்கி, மூச்சு முட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மைசூர் வீட்டில் ஜன்னல் திறப்பதில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சமையலறையை ஒட்டி நிற்கும் கருவேப்பிலை மரம் இந்தக் கோடையில் பூத்ததும், மஞ்சளும் கறுப்புமாய்ப் பூச்சிகள் மொய்த்தன. "மரத்த வெட்டிரலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுப்படியில் புழுங்கிச் சாகிறவள் நான், போகிறது என் மரம். ஆனால் அவர் உயிரை வைத்து வாக்குவாதம் செய்ய முடியுமா?

வெட்டுவதற்குள் அதுகளை நன்றாகப் பார்த்துவிடுவோம் என்று, சோறு வேகும் நேரமெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். போனில் குளவிப் படங்களைத் தேடி ஒப்பிட்டேன். குளவிக்கு நூல் மாதிரி இடுப்பு, நீள மீசை; உட்கார்ந்தால் இறக்கையை ஒடுக்கி மடித்துக்கொள்ளும். இதற்கு இடுப்பே இல்லை. மீசையைத் தேடத்தான் வேண்டும். தலை முழுக்கக் கண். குளவிக்கு இரண்டு ஜோடி இறக்கை, இதற்கு ஒன்றுதான். பூவுக்கு முன்னால் காற்றில் ஆணி அடித்தாற்போல் அசையாமல் நிற்கும். சட்டென்று நகர்ந்து மறுபடி நிற்கும். அட, இது ஈ! குளவி வேஷம் போட்டு ஊரை ஏய்க்கிற ஈ.

வாயால் சொன்னால் நம்புகிற ஆளா அவர்? வெளியே போய் ஒன்றைக் கைக்குள் பொத்திப் பிடித்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் கத்தினார்.

"ஏ புள்ள, பேடா பேடா! வேண்டாம், விட்டுரு!"

"ஒண்ணும் ஆகலைங்க. இது ஈங்க, கொடுக்கே கிடையாது."

கையை விரித்தேன், பறந்துபோனது. அதற்கப்புறம் மரத்தை வெட்டும் பேச்சை அவர் எடுக்கவில்லை. காபியோடு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, "இது ஈ, அதுவும் ஈ" என்று பார்க்க ஆரம்பித்தார். மரத்தடிக்கு மட்டும் வரமாட்டார்.

ஒருநாள் காலையில் குழம்புக்குக் கருவேப்பிலை பறிக்கக் கிளையை வளைத்தேன். ஒரு மஞ்சள் பூச்சி நகராமல் உட்கார்ந்திருந்தது. "போடா வேஷக்காரா" என்று விரலால் தள்ளப் போனேன். கதவு படீரென்று திறந்தது. அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, எனக்கும் கிளைக்கும் நடுவில் நின்றார்.

"அதுக்கு இடுப்பு இருக்கு புள்ள, பாக்கலியா?"

குளவியேதான். என்னைக் கொட்டியிருந்தால் விரல் வீங்கியிருக்கும், அவ்வளவுதான். அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.