பன்னிரண்டாம் வீட்டு மணி

இதை நம்பும்படி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. நடந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். போக வேறு இடமில்லை.

ஆதரவற்ற முதியவர்களுக்கான எங்கள் தர்ம வீடுகளை ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு கம்பளி வியாபாரி கட்டினார். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள். முன்னே ஒரு அறை, பின்னே சமையலறையும் படுக்கையறையும். வீட்டுக்கொரு உயரமான புகைபோக்கி. வரிசைக்கு எதிரே சிற்றாலயம். ஞாயிறுதோறும் அங்கே அவருடைய ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும். அதுதான் எங்கள் வாடகை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலை எட்டு மணிக்கு முதல் வீட்டுக்காரர் பக்கத்துச் சுவரை மூன்று முறை தட்டுவார். இரண்டாம் வீட்டுக்காரர் அடுத்த சுவரை. இப்படியே கடைசிவரை. நான் கடைசி, பன்னிரண்டாம் வீடு. தட்டல் என்னிடம் வந்ததும் முன்னறை ஜன்னலோரம் தொங்கும் மணிக்கயிற்றை இழுப்பேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். மணி கேட்காவிட்டால், வீடுகளைக் கவனிக்கும் வார்டன் சாவியோடு வருவார்.

பதினோராம் வீட்டில் மேபல். கைத்தடியால் தட்டுவாள். என் தோள் உயரத்தில் சத்தம் கேட்கும். பிறகு சுவர் வழியே கத்துவாள்.

"இன்னைக்கும் உசுரோடதான்டி இருக்கேன், எடித்! ஏமாந்துட்டியா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்டி!" என்பேன்.

அவளுக்கு ஒரே பயம்தான். விழுந்து, யாருக்கும் தெரியாமல் கிடப்பது. அவளுடைய அக்கா அப்படித்தான் போனாள்.

"தட்டல் வரலைன்னா மணி அடிச்சுடாதடி. கேட்டுச்சா?"

"செவிடியா நான்?"

பிப்ரவரி. வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை.

எட்டு மணிக்குத் தட்டல் வந்தது. மூன்று. ஆனால் தாழ்வாக. என் முழங்கால் உயரத்தில்.

உட்கார்ந்துகொண்டு தட்டுகிறாள் என்று நினைத்தேன். கத்தலும் இல்லை. சளி பிடித்திருக்கும். மணி அடித்தேன்.

சனிக்கிழமை. எட்டு மணி. மூன்று தட்டல். முழங்கால் உயரம். கைத்தடியின் சத்தமில்லை அது... விரல் முட்டியின் சத்தம்.

"மேபல்?"



திரும்பவும் மூன்று தட்டல். பொறுமையாக.

மணி அடித்தேன்.

ஞாயிறும் தட்டல் வந்தது. மணியும் அடித்தது. ஆனால் ஜெபத்துக்கு மேபல் வரவில்லை. வார்டன் சாவியோடு போனார்.

பின் சமையலறையில் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கைத்தடி முன்வாசல் கொக்கியில் தொங்கியது. வியாழன் மாலை விழுந்திருக்கிறாள். சனி மதியம்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

"மூணு நாளும் மணி அடிச்சுதே, எடித்?" என்று கேட்டார் வார்டன்.

"தட்டல் கேட்டுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மார்ச் மாதம் அவள் வீட்டின் தரைப் பலகையைப் பெயர்த்தார்கள். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. ரெண்டடி கீழ பழைய கல்தரை. ஆத்துத் தண்ணி உள்ள வருதுன்னு எப்பவோ ஒசத்திக் கட்டியிருக்காங்க. வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கும்."

"இது என்ன?"

என் வீட்டை ஒட்டிய சுவரில் ஒரு கல் வழுவழுப்பாகக் குழிந்திருந்தது.

"தட்டித் தட்டித் தேஞ்சது. அந்தக் காலத்துலயும் உங்க வழக்கம் இருந்திருக்கும் போல."

பழைய தரையில் நிற்பவருக்கு அது நெஞ்சு உயரம்.

எனக்கு... முழங்கால்.

பதினோராம் வீடு இன்னும் காலி. அதனால் பத்தாம் வீட்டு ஹோரஸ், தன் சுவரில் தட்டல் கேட்டதும் பனியோ மழையோ நடந்து வந்து என் கதவைத் தட்டுவார். நான் மணி அடிப்பேன். அவர் திரும்பிவிடுவார்.

போன செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். பின்னறைக் கட்டிலில் கிடந்தேன். கை தூக்க முடியவில்லை. தொண்டை கட்டிவிட்டது. ஹோரஸ் வருவார், மணி கேட்காமல் வார்டனைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

எட்டு மணி. கதவு தட்டப்பட்டது.

முன்னறையில் கயிறு உரசியது.

மணி அடித்தது.

ஹோரஸின் காலடிச் சத்தம் தேய்ந்து போனது.

மறுநாள் எப்படியோ எழுந்தேன். மதியம் ஹோரஸ் வாசலில் நின்று சிரித்தார்.

"என்ன எடித், நேத்து ஒக்காந்துகிட்டே மணி அடிச்சியா? எழுந்திரிக்கக்கூட சோம்பேறித்தனமா?"

"ஏன்?"

"ஜன்னல்ல உச்சந்தலை மட்டுந்தான் தெரிஞ்சுது."

ஜன்னல் விளிம்பு என் இடுப்பு உயரம். அதன் கீழே நாற்காலி போட இடமில்லை.

கதவைச் சாத்தினேன். சொன்னால் என்ன செய்வார்கள்?

இன்று காலையும் மணி அடித்தது. நான் அடிப்பதற்கு முன்பே. இனி நாளைக் காலை எட்டு மணிவரை இங்கே யாரும் வர மாட்டார்கள்.